சட்டைப்பையில் ஒரு மாத்திரை – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு 34 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. சில மாதங்களுக்கு முன்பு மெட்ரோ ரயிலில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, கை மரத்துப்போனது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாமே நார்மல். “ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான். இந்த மாதிரி வந்தா மட்டும் போடுங்க” என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அதன்பின் மெட்ரோவில் ஏறவில்லை. லிஃப்டையும் விட்டுவிட்டேன். மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். மனைவி தெரபிக்குப் போகச் சொல்கிறாள். பேசி என்ன ஆகிவிடும்? நம் தாத்தாக்களுக்கு இதெல்லாம் இருந்ததா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக் (திடீர்ப் பீதி) போலத் தெரிகிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்கள் சுமார் 300 பேரைப் பற்றி ஜேகப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதினார். படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் எல்லாம் அவர்களுக்கு இருந்தது. இதயத்தில் நோய் தென்படவில்லை. நம் ஊர் தாத்தா என்றால் வாய்வு என்று கஷாயம் குடித்திருப்பார், இல்லையென்றால் மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார். இன்றைய வாழ்க்கை இதற்கு நன்றாகத் தீனி போடுகிறது என்பதும் உண்மைதான். ராத்திரி 11 மணிக்கு கிளையன்ட் கால், வீட்டுக்கடன் தவணை, அப்ரைசல், ஆத்திர அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஆள் இல்லாத அபார்ட்மெண்ட்.

நான் மருத்துவர் அல்ல. பேனிக் அட்டாக்தான் என்று உறுதிசெய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். ஆனால் “ஒண்ணும் இல்ல” என்ற அந்த வார்த்தை எனக்குக் கோபத்தைத் தருகிறது. உங்கள் உடம்பில் நடந்தது நிஜம். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். கை மரத்துப்போகும், தலை சுற்றும். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் இந்தச் சுழலை விளக்கினார். தூக்கம் கெட்டதாலோ காபியாலோ இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. மனம் அதை ஹார்ட் அட்டாக் என்று எடுத்துக்கொள்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. பார், நினைத்தது சரிதான் என்கிறது மனம்.

அப்புறம் நீங்கள் இறங்கிவிட்டீர்கள், படபடப்பு அடங்கியது. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொண்டது. ரயிலிலேயே உட்கார்ந்திருந்தாலும் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கியிருக்கும். அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. சட்டைப்பை மாத்திரையும் அப்படித்தான். விழுங்காத நாளிலும், ஒன்றும் நடக்காமல் போனதற்கான பெயரை அதுவே தட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு தவிர்ப்பும் உடனே நிம்மதி தருகிறது. அந்த நிம்மதியில்தான் பயம் வளர்கிறது. இன்று லிஃப்ட், நாளை தியேட்டர், அடுத்து தனியாக வெளியே போவதே.

பேசி என்ன ஆகும் என்கிறீர்கள். வெறும் ஆறுதல் பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் தெரபி வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், ஃப்ராய்டின் வழியான மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். 1960களில் பிலடெல்பியாவில், நோயாளிகள் சொல்லிக்கொண்டிருக்கும் எண்ணங்களுக்குப் பின்னால் வேறு சில எண்ணங்கள் சட்டென்று வந்துபோவதைக் கவனித்தார். அவற்றைப் பிடித்து, உண்மைதானா என்று சோதிக்க வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை. உங்களை ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள். அதே படபடப்பு வரும். ஓடாமல் இருப்பீர்கள். அது அடங்குவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். பிறகு மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன், இரண்டு ஸ்டேஷன். முதலில் மனைவி கூட வரலாம், பிறகு தனியாக, கடைசியில் மாத்திரை இல்லாமல். வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டு. பெரும்பாலும் 12, 15 அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரியும். மருந்தும் சேர்த்து வேண்டுமா என்பது மருத்துவரின் முடிவு. தினமும் மாத்திரை போடும் நிலைக்கு வந்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெரபி உங்கள் ராத்திரி நேர போன் கால்களைக் குறைக்காது. அதை அலுவலகத்தில்தான் பேசியாக வேண்டும், மூச்சுப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது. உங்கள் வேலை நேரத்தைப் பற்றிக் கேட்காமலேயே “உங்க மனசுலதான் இருக்கு” என்று சொல்பவர் பாதி வேலைதான் செய்கிறார்.

இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுசெய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பாருங்கள். பணம் இடித்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளியாகக் காட்டலாம். 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. முதல் அமர்விலேயே, என்ன முறை, சுமாராக எத்தனை வாரம், நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். பாசிட்டிவாக யோசிங்க என்பதைத் தாண்டி இரண்டு மூன்று அமர்வுகளில் எதுவும் வரவில்லையா, தயங்காமல் வேறு ஆளைப் பாருங்கள்.