கேள்வி-பதில்: இறங்கிய பேட்டரியும் செத்த பேட்டரியும்

கே: கார் ஒரு மாதமாக ஷெட்டில் நின்றது. செல்ஃப் எடுக்கவில்லை. கடைக்காரர் மீட்டரில் 11.9 வோல்ட் காட்டி, "செத்துப்போச்சு, புதுசு போட்டுடுங்க" என்கிறார். போடலாமா?
- வாசகர், காட்பாடி

ப: இப்போது போடாதீர்கள். 11.9 என்றால் சார்ஜ் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்துச் செத்துப்போனதாக முடிவுகட்ட முடியாது. சார்ஜ் போட்டுப் பார்க்காமலே புதுசைத் தலையில் கட்டுவதுதான் இந்த வியாபாரத்தில் எனக்குப் பொறுக்காத விஷயம். வண்டி சும்மா நின்றாலும் அலாரம், கடிகாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல பேட்டரியும் இறங்கத்தான் செய்யும்.

சார்ஜ் போட, முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள், அப்புறம் பாசிட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். சார்ஜர் கிளிப்பை மாட்டிய பிறகே சுவிட்ச் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. பேட்டரியில் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும்: 35 என்றால் 3.5 ஆம்பியர். உங்கள் நிலையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

சார்ஜ் முடிந்த உடனே அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஒரு ராத்திரி சும்மா விட்டு, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் நின்றால் நிறைந்த சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 10.5 பக்கம் நின்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது. வோல்டேஜ் சரியாக இருந்தாலும் முடிந்ததாக நினைக்காதீர்கள். பேட்டரியை வண்டியில் மாட்டி, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது. அப்போது புதுசு வாங்குங்கள்.

கே: பேட்டரிக்கு கேன் தண்ணீர் ஊற்றலாமா? ஆர்.ஓ. தண்ணீர்தானே?
- வாசகர், ஆற்காடு

ப: கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் ஊர் வெயிலில் மார்ச் முதல் ஜூன் வரை மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, தட்டுகள் முழுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

கே: ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மூன்றாவதாக எந்த பிராண்ட் போடுவது?
- வாசகர், சத்துவாச்சாரி

ப: எந்த பிராண்டும் வேண்டாம். இரண்டு பேட்டரிக்குப் பணம் கொடுத்தவர் ஒருமுறைகூட ஆல்டர்னேட்டரை, அதாவது ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியை, சோதிக்கச் சொல்லவில்லையா? இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். 15-க்கு மேல் போனால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, தண்ணீர் கொதித்து வற்றுகிறது. சில புது மாடல்களில் வண்டியே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும். அதில் ஒரே அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது. இதெல்லாம் சரி என்றால், பூட்டி அரை மணி நேரம் கழித்து வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் வெளியில் மாட்டிய ஸ்டீரியோ, கேமரா வேலை.

கே: மலிவான ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கலாமா?
- வாசகர், வாலாஜா

ப: நான் வாங்கிய ஒன்று 15 வோல்ட் தாண்டியும் நிற்கவில்லை. எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்று பெட்டியில் அச்சிடாததை வாங்காதீர்கள்.

கே: ஏழே மாதத்தில் பேட்டரி போய்விட்டது. வாரன்டி கார்டில் கடைக்காரர் எதுவும் நிரப்பித் தரவில்லை. இப்போது மாற்ற முடியாது என்கிறார். பில் இருக்கிறது.
- வாசகர், குடியாத்தம்

ப: பில்லை வைத்திருக்கிறீர்களே, நல்லது. கார்டை நிரப்பாதது அவர் தவறு, உங்கள் தவறல்ல. பேட்டரி மேல் உள்ள சீரியல் எண்ணையும் பில்லையும் படமெடுத்து, தயாரித்த கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர்கள் முதலில் சார்ஜ் போட்டுச் சோதிப்பார்கள். அது நியாயம்தான், முடிவை எழுதி வாங்குங்கள். இலவச மாற்றுக் காலமா, புழங்கிய மாதங்களுக்குக் கழித்துக் கொடுக்கும் காலமா என்று கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பழைய பேட்டரியை மட்டும் அதுவரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.