மாஸ்க் மாட்டினால் படபடப்பு, பகலெல்லாம் எரிச்சல்!

கேள்வி: என் கணவருக்கு வயது 52. தூக்கத்தில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது என்று இரண்டு மாதம் முன்பு சிபாப் கருவி (மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) கொடுத்தார்கள். மாஸ்க்கை மாட்டினாலே படபடப்பு; நடு ராத்திரியில் கழற்றிவிடுகிறார். பகலில் தொட்டதற்கெல்லாம் கோபம். கருவியின் திரையில் '2' என்று நல்ல எண்தான் காட்டுகிறது. அவர் சுபாவமே மாறிவிட்டதா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த '2', மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற எண்; அதுவும் கருவி ஓடிய நேரத்துக்கு மட்டுமான கணக்கு. கழற்றிய பிறகு நடப்பது அதில் ஏறாது. கனவுத் தூக்கம் அதிகம் வருவது விடியற்பக்கம். பலருக்கு மூச்சடைப்பு மோசமாவதும் அப்போதுதான். ஆகவே, எத்தனை மணி நேரம் ஓடியது, காற்று கசிந்ததா என்பதையும் தினமும் பாருங்கள். சுபாவத்தைப் பழிப்பது அப்புறம்.

படபடப்புக்குக் காரணம் பல சமயம் காற்று போதாததுதான். கருவி காற்றைத் தள்ளும் ஆரம்ப அழுத்தம் 4-ல் (செ.மீ. நீர் அளவு) இருந்தால் சிலருக்கு மூச்சுமுட்டும். அழுத்தம் அதிகமோ என்று பயந்து குறைக்கச் சொல்வார்கள். தேவை நேர்மாறாக இருக்கும். அதை 5 அல்லது 6 ஆக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூக்கடைப்பு இல்லையென்றால், முகத்தை மூடாமல் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் மாஸ்க்கையும் போட்டுப் பார்க்கலாம்.

பழக்கத்தைப் பகலில் தொடங்குங்கள். குழாயை இணைக்காமல், டிவி பார்த்தபடி மாஸ்க்கைக் கையால் முகத்தில் 5 நிமிடம் பிடித்திருக்கட்டும். அது சாதாரணமானதும் பட்டையை மாட்டி 20 நிமிடம். பிறகு உட்கார்ந்தபடியே கருவியை ஓடவிட்டு, அடுத்து மதியத் தூக்கத்தில், கடைசியில் இரவில். ஒரு படியில் படபடப்பு அடங்காமல் அடுத்ததற்குப் போனால் பயம்தான் வலுக்கும். இரவில் காற்று வேகமாக அடிப்பதுபோல் இருந்து திணறினால் எழுந்து உட்கார்ந்து, 'ராம்ப்' வசதி இருந்தால் அதை அழுத்திக் குறைந்த அழுத்தத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

இயல்பிலேயே பதற்றக்காரர்கள் கருவியைச் சீக்கிரம் கைவிடுவதுண்டு. அவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம். முன்பு சாந்தமாக இருந்தவரென்றால், இரவு முழுக்கப் போட்டுத் தூங்கினால் சில வாரங்களில் எரிச்சல் தணிய வாய்ப்பு அதிகம். கல்யாணமான நாளிலிருந்தே முன்கோபி என்றால் கருவி என்ன செய்யும்? மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் பதற்றம் நீடித்தால் தைராய்டு பரிசோதனை செய்து, மனநல மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் மதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டிவிடும்.