காய்கறிப் பையோடு திரும்புகிற தூரம்

வாசகர் கேள்வி – பதில்

வீடு பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று போன இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். "வாசலில் இறங்கித் தெருமுனை வரைக்கும் நடந்து பார்ப்பேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அந்தப் பேச்சுதான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக 31 வருடம் வேலூரில் வீடு வீடாக ஏறி இறங்கி ரீடிங் எடுத்து, வெள்ளை அட்டையில் எழுதிக்கொடுத்தவள் நான். குடியிருப்பது வேலூர்ச் சைதாப்பேட்டையில், மலையடிவாரத்துத் தெருவில்.

கேள்வி: நாற்பது வருடமாகக் கொசப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். மகன் அரியூர் தாண்டி மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறான். நல்ல காற்று, வெளிச்சம், கார் நிறுத்த இடம். "இனிமே இந்தச் சந்துல கஷ்டப்பட வேணாம், வந்துடுங்க" என்கிறான். எனக்கு 67 வயது, மூட்டு வலி. போகலாமா? – ஒரு வாசகி, கொசப்பேட்டை

அம்மா, பிள்ளை பாசத்தோடு கூப்பிடுகிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமான் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு, படி இறங்கி எங்கெங்கே போனீர்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பால், பூக்காரம்மா, மாவு மில், ரேஷன் கடை, பிரஷர் மாத்திரை வாங்கும் மருந்துக்கடை, இஸ்திரி வண்டி, வெள்ளிக்கிழமை கோயில், எதிர்வீட்டுத் திண்ணை. "நான் எங்கே போறேன், வீட்டுலயேதான் கெடக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் எழுதினாலும் இருபது வரி வரும். அந்தத் தாளோடு மகன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்குங்கள். ஒவ்வொரு வரிக்கு நேராகவும் "நானே போனேன்", "யாரோ கூட்டிப்போனார்கள்", "போகவில்லை", இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள். பிறகு தாளை மகனிடமே காட்டிப் பேசுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2011இல் நானும் ஊருக்கு வெளியே ஒரு புது நகரில் வீடு கட்டி என் அம்மாவைக் கூட்டிப்போனேன். சைதாப்பேட்டையில் இருந்தவரைக்கும் அம்மாவுக்கு லாங்கு பஜாரில் வாங்கும் நீல வார் ரப்பர் செருப்பு எட்டு மாதம்தான் தாங்கும். குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து ஓட்டையே விழுந்துவிடும். புது வீட்டுக்குப் போய் இரண்டாவது போகிக்கு வீடு ஒழித்தபோது அதே செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அடியில் இருக்கிற வரிகள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன. வார் மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது.

அந்த இரண்டு வருடத்தில் அம்மா என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரோட்டில் யாரும் வரமாட்டார்கள். முதலில் பூ வைப்பது நின்றது. அப்புறம் தலை வாருவதும் "நாளைக்குப் பார்க்கலாம்" ஆயிற்று. அப்புறம் கால் வீங்க ஆரம்பித்தது. நான் காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறவள், எதையும் கவனிக்கவில்லை. செருப்பைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய தெருவிலேயே நாங்கள் வாடகைக்குக் குடிவந்தோம். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள், "வரும்போது ஒரு செருப்பு வாங்கியா, இது தேஞ்சிடுச்சு" என்றாள் அம்மா. அதைக் கேட்டு நான் சமையலறையில் போய் நின்று அழுதேன்.

உங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று சொல்லமாட்டேன். ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007இல் வந்த பிறகு அந்தப் பக்கம் பஸ் போக்குவரத்து நன்றாக இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டும் கிடையாது. ஆனால் மகன் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு எவ்வளவு தூரம், அங்கே உட்கார ஒரு கல்லாவது உண்டா என்று நீங்களே நடந்து பாருங்கள். மூட்டு வலிக்காரருக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: "நடக்கிற தூரம்" என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் காலத்தில் நாழிகை வழி என்றார்கள், 24 நிமிடத்தில் நடக்கிற தூரம். அதைவிடக் கிட்டே இருந்தால் கூப்பிடு தூரம். கால் நல்ல திடமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கு 80 மீட்டர் போகும். என் கால் இப்போது 60. வீட்டிலிருந்து 12 நிமிடம், அதாவது 700 மீட்டர் சுமாரை என் எல்லையாக வைத்திருக்கிறேன். அதையும் போகும்போது அளக்கமாட்டேன், மூன்று கிலோ காய்கறிப் பையோடு திரும்பி வரும்போதுதான் அளப்பேன்.

வேலூருக்கு வெயில் கணக்கு தனி. சித்திரை 10, 11 தேதி வாக்கில் இங்கே உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். நம் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கும், சுவரோரம் ஒண்டவும் நிழல் இருக்காது. அந்த நேரத்தில் வேப்பமரம் இருக்கிற 700 மீட்டரை நடந்துவிடலாம், மரமே இல்லாத 200 மீட்டரை நடக்க முடியாது. மற்ற வேளைகளில், தெற்கு வடக்காகப் போகும் தெருவில் காலையில் கிழக்கு வரிசை வீடுகளை ஒட்டி நடங்கள், சாயங்காலம் மேற்கு வரிசையை ஒட்டி. இத்தனை வருடம் நான் ரீடிங் எடுத்தது இந்த நிழலை வைத்துத்தான்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து நான்கு மாதம் ஆகிறது. கணவர் காலையில் ராணிப்பேட்டை கம்பெனிக்குப் போனால் இரவுதான் வருவார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வீடு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். "இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு, வெயில்தான் இருக்கு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாள் முழுக்க நாலு சுவர்தான். – ஒரு வாசகி, வேலூர்

கண்ணு, எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. உன்னிடம் பேசியவர்கள் அதைத்தான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி பழைய கதை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல நூறு வருடம் பூஜை இல்லாமல் இருந்தது உண்மைதான். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்த பிறகு இன்றுவரைக்கும் பூஜை நடக்கிறது. பாலாறும் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதை நான் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன்.

நீ இருக்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து பத்து நிமிடத்தில் கோட்டை வாசல். ரோட்டைத் தாண்டும்போது மட்டும் ஜாக்கிரதை. காலை ஆறு மணிக்குப் போ, நடக்க வருகிற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். முதல் நாள் அகழி ஓரமாக நட. பெரிய பெரிய கருங்கல்லை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று கிட்டே போய்ப் பார். இரண்டாம் நாள் கோயில். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் இருக்கிற கல்யாண மண்டபத்துத் தூண்களுக்கு ஒரு காலை முழுவதும் ஒதுக்கு. முன்னங்கால் தூக்கி நிற்கிற குதிரையும் யாளியும் அவ்வளவு உயிரோடு இருக்கும். அவசரத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் அதே மதிலுக்குள் இருக்கிற மாதா கோயில், மசூதி. அருங்காட்சியகமும் உள்ளேதான், வெள்ளிக்கிழமை விடுமுறை.

1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழும்பியது இந்தக் கோட்டையில்தான். வடக்கே 1857இல் நடந்ததற்கு 51 வருடம் முந்தி. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. அதன் நினைவுத் தூண் மக்கான் சந்திப்பில் நிற்கிறது. திரும்பும்போது அந்த வழியாக வந்து, நேதாஜி மார்க்கெட்டில் பூவும் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ. அங்கே "இன்னாம்மா வேணும்?" என்று கேட்பார்கள். கோபமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதே, எங்கள் பேச்சே அப்படித்தான். ஒரே கடையில் நாலு நாள் வாங்கினால் ஐந்தாம் நாள் "ஏம்மா நேத்து வரல?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒன்று கிடைத்துவிட்டால் ஊர் பழகிவிடும். வண்டியும் கற்றுக்கொள். ஆனால் அதுவரைக்கும் வீட்டுக்குள் காத்திருக்காதே.

கேள்வி: தோட்டப்பாளையத்தில் மாடியில் இரண்டு அறை கட்டியிருக்கிறேன். வெளிமாநில நோயாளிக் குடும்பங்களுக்கு விடலாம் என்று எண்ணம். "சி.எம்.சி.க்கு நடக்கும் தூரம்" என்று போர்டு எழுதலாமா? – வாசகர், வேலூர்

எழுதாதீர்கள் ஐயா. உங்கள் காலுக்கு அது நடக்கிற தூரம். கீமோ முடிந்து வருகிறவருக்கு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போவது நெடும்பயணம். சி.எம்.சி. என்கிற இந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது. இன்று காந்தி ரோடு, பாபுராவ் தெரு என்று தெருத்தெருவாக லாட்ஜுகளும் வங்காள எழுத்துப் பலகைகளுமாக நிறைந்து கிடக்கிறது. அந்தக் குடும்பங்கள் காலையில் ரத்தப் பரிசோதனைக்கு ஓடி, அறைக்கு வந்து சோறு வடித்து, தூக்கில் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறார்கள். மாதக்கணக்கில் இதுதான் அவர்கள் வாழ்க்கை.

ரீடிங் எடுக்கப் போன ஒரு லாட்ஜை என்னால் மறக்க முடியாது. மூன்று மாடி, லிப்ட் இல்லை. ஆனால் படிக்கட்டு திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுவைத்திருந்தார் அதன் சொந்தக்காரர். இரண்டாவது திருப்பத்தில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மகன் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான். நான் ஒதுங்கி வழிவிட்டபோது அந்த அம்மா ஸ்டூலைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். எனக்கு அவர் மொழி தெரியாது, ஆனாலும் புரிந்தது.

உங்கள் போர்டில் உண்மையை எழுதுங்கள்: மெயின் கேட்டுக்கு நடந்தால் இத்தனை நிமிடம், மாடிப்படி இத்தனை, வாசல் வரைக்கும் ஆட்டோ வரும். அறை கேட்டு வருகிறவரிடம் எந்த வளாகத்துக்குச் சீட்டு என்றும் கேளுங்கள். சில பிரிவுகள் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டன. மனநலப் பிரிவு பாகாயத்தில். தெரியாமல் உங்களிடம் முன்பணம் கட்டிவிட்டுத் தினமும் அலைவார்கள். ஸ்டூலும் போடுங்கள்.

கேள்வி: போனில் தட்டினால் எல்லாம் வீட்டுக்கே வருகிறது. இன்னும் எதற்கு நடந்துபோய் வாங்க வேண்டும்? – கல்லூரி மாணவர், காட்பாடி

தம்பி, அரிசி, பருப்பு, சோப்பு எது வேண்டுமானாலும் வரவழைத்துக்கொள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை மட்டும் நீயே போய்ப் பொறுக்கு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், நம் அணைக்கட்டுப் பக்கத்து மண்ணில் விளைவது. காம்பு பச்சையாக, அதில் இருக்கிற முள் விறைப்பாக, விரலில் சுருக்கென்று குத்த வேண்டும். முள் வதங்கியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. இதைப் போன் பார்க்காது, உன் விரல்தான் பார்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவோடு போ. அவருக்குத் தெரிந்த இன்னும் பத்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வருவார்.

கேள்வி: வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் தெரிகிறது. ஆனால் நடுவில் நெடுஞ்சாலை. மூன்றாம் வகுப்புப் பையனைத் தனியாக அனுப்பலாமா? – தாய் ஒருவர், சத்துவாச்சாரி

கூடவே கூடாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாவது வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமை விதி சொல்கிறது. பிள்ளை நடப்பது வரைபடத்துக் கோட்டின் மேல் இல்லையே. சென்னை – பெங்களூரு சாலை உங்கள் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. சுற்றிப் போனாலும் பரவாயில்லை, பாலத்துக்கு அடியில் தாண்டுகிற இடம் வரைக்கும் போய்த்தான் கடக்க வேண்டும், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு. தெருவில் நாலு தாய்மார் சேர்ந்தால் ஆளுக்கு ஒருநாள் முறை போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் வண்டி ஏற்றுவதற்குச் சிமென்ட் சறுக்கல். போன மழையில் ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. என்ன செய்யலாம்? – வாசகர், சலவன்பேட்டை

படித்ததும் வயிறு கலங்கியது. நடைபாதை என்றால் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலை காங்கிரஸ் வகுத்த அளவு. நம் சந்துகளில் மொத்தத் தெருவே சில இடத்தில் அதற்குக் கொஞ்சம்தான் கூட. அதிலும் இரண்டு பக்கமும் இரண்டடி சறுக்கல் வந்தால் மனிதர்கள் எங்கே கால் வைப்பார்கள்? மாநகராட்சியில் மனு கொடுங்கள், கொடுக்கத்தான் வேண்டும். மனுவுக்குப் பதில் வருவதற்குள் தெருக்காரர்களோடு பேசுங்கள். எங்கள் வீட்டு முன்னாலும் அப்படி ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் இறங்கியதைப் பார்த்த அன்றே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். உடைத்து, சறுக்கலைக் கேட்டுக்கு உள்பக்கமாக இழுத்துக் கட்ட அரைநாள்தான் ஆயிற்று. வண்டி முன்போலவே ஏறுகிறது. உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் போதும், பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். அதே மேஸ்திரியை அனுப்பிவைக்கிறேன், நானும் கூட வருகிறேன்.