நட்சத்திரமெல்லாம் வீரப் பதக்கம் அல்ல

கேள்வி: எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் நட்சத்திர வடிவ மெடல் இரண்டும், வட்ட மெடல் இரண்டும் இருக்கின்றன. ஒன்றில் சிங்கம், இன்னொன்றில் இந்திய வரைபடம். "இதெல்லாம் வீரப் பதக்கம், பேரனுக்கு மாதாமாதம் பணம் வரும், நிலமும் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் மெடல்களையும் (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த) டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாயும் கேட்கிறார். கொடுக்கலாமா? ஆச்சிக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. (களக்காடு வாசகர்)

பதில்: பத்து பைசா கூடக் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை அந்த ஆள் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் நான்குமே போரில் பணியாற்றியதற்கான பதக்கங்கள். ஆறு முனை நட்சத்திரத்தில் ஒன்று 1939-45 ஸ்டார். போர்க்களத்தில் ஆறு மாதம் இருந்தவருக்குப் பொதுவாகக் கொடுத்தது. மற்றது பர்மா ஸ்டார்; அந்தக் களத்துக்குப் போனவர்களுக்கு உரியது. சிங்கம் போட்டது வார் மெடல். 28 நாள் முழுநேரப் பணி செய்திருந்தாலே கிடைத்தது. வரைபடம் போட்டது இந்தியா சர்வீஸ் மெடல். உங்கள் தாத்தா பர்மா சண்டைக்குப் போனது உண்மை என்பதற்கு இவையே சாட்சி, அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் வீரத்துக்கென்று தனியாகக் கொடுத்த பதக்கம் வேறு.

அந்தக் காலத்தில் நம் சிப்பாய்களுக்கு வீரப் பதக்கம் தருவதிலும் வெள்ளைக்காரன் பாகுபாடு பார்த்தான். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியச் சிப்பாய்களின் வீரத்துக்கென்று 1837இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற விருதைத் தொடங்கியது. 1856இல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வந்தபோது இந்தியச் சிப்பாய்க்கு அது கிடையாது. 1911 வரை கதவை அடைத்தே வைத்திருந்தார்கள். 1914இல் பெல்ஜியத்தில் சண்டையிட்ட குதாதாத் கான்தான் அதை வாங்கிய முதல் இந்திய வீரர். இதற்கு நடுவே 1907இல் இந்தியப் படையினருக்கென்று ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்) என்ற வெள்ளிப் பதக்கம் வந்தது. நம் பக்கத்து ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதார் சுப்ரமணியன், இத்தாலியில் 1944 பிப்ரவரியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள். ஆர்டர் ஆஃப் மெரிட் பதக்கமும் நட்சத்திரம்தான், ஆனால் அதற்கு எட்டு முனை, நடுவில் குறுக்கு வாள். உங்களிடம் உள்ளதை எண்ணிப் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். வார் மெடல் நாடாவில் சிறிய வெண்கல இலை ஒன்று குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஓக் மர இலை, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அது இருந்தால், போர்க்கள அறிக்கையில் உங்கள் தாத்தாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது பதக்கமல்ல, சான்றுச் சின்னம். ஆனாலும் ஒரு வீரனைத் தனியே சுட்டிக்காட்டுவது. பழைய நாடா நைந்து போனதும் வீட்டார் புது நாடா போட்டுவிடுவார்கள், இலை பெட்டி ஓரத்தில் எங்கோ கிடக்கும். அதனால் பெட்டியின் அடித்துணியை உதறிப் பாருங்கள். நாடாவில் இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தாலும் விடாதீர்கள். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் இந்தப் பெயர்கள் வந்திருக்கும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள், ஆகவே படை எண்ணைக் கொண்டு தேடுங்கள்.

மெடலைப் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்காதீர்கள். விளிம்பில் எண், பெயர், பிரிவு பொறித்திருந்தால் அதுவும் சேர்ந்து தேய்ந்துவிடும். பழைய சாமான் வாங்க வருபவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். பெயர் அழிந்த மெடலுக்கு விலை குறைத்துக் கேட்கலாமே. பக்கவாட்டில் வெளிச்சம் விழுமாறு பிடித்து செல்போனில் படம் எடுங்கள், போதும்.

சரி, பணம்? வீரப் பதக்கமே இருந்தாலும் மாத உதவித்தொகை விருது பெற்றவருக்கு; அவர் போன பிறகு மனைவிக்கு. பேரனுக்கு வராது. இன்று கொடுக்கப்படும் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா எல்லாம் 1950 ஜனவரி 26இல் அமைத்தவை; தாத்தா போருக்குப் போன காலத்தில் இவை இல்லை. 1952இல் அசோக் சக்ரா மூன்று வகுப்பாக வந்து, 1967இல் இரண்டாவது கீர்த்தி சக்ரா என்றும் மூன்றாவது சௌரிய சக்ரா என்றும் பெயர் மாறியது. இந்தப் பெயர் மாற்றத்தை வைத்து, மூன்றாம் வகுப்புக்காரர் வீட்டில் போய் "அசோக் சக்ரா பணம் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் பேசும் ஆட்களும் உண்டு.

உங்கள் வீட்டில் பணத்துக்கு வழி மெடல் அல்ல, ஆச்சி. ராணுவ ஓய்வூதியம் இல்லாமல் திரும்பிய இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் தமிழ்நாடு அரசு மாத நிதியுதவி வைத்திருக்கிறது. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஆச்சியின் அடையாள அட்டை, தாத்தாவின் இறப்புச் சான்று ஆகியவற்றோடு திருநெல்வேலி முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. புத்தகத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்து என்று திருப்பி அனுப்புவார்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலேய அதிகாரி காதில் விழுந்தபடி எழுதியதற்கு ஆச்சி என்ன செய்வாள்? ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து கையோடு கொண்டு போங்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். இந்த வாரமே போவது நல்லது. ஆச்சிக்குப் பிறகு யாரும் கேட்க முடியாது.