இரவுப் பணியும் பெப்பர் ஸ்பிரேயும்

வணக்கம் சகோதரி. சிறுசேரியில் இரவு பதினொரு மணிக்குப் பணி முடித்துத் தனியே நடந்து வருவதாகவும், கைப்பையில் பெப்பர் ஸ்பிரே (தாக்க வருபவரின் கண்ணில் அடிக்கும் காரத் தெளிப்பான்) இருந்தால் காவல்துறை வழக்குப் போடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த அச்சம் வேண்டாம். இந்தியாவில் அதை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. தற்காப்புக்காக அளவோடு பயன்படுத்துவது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி குற்றமாகாது. விமானத்தில் மட்டும் கொண்டுசெல்லாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. என் தங்கை அதைக் கைப்பையின் அடியில், சாவிக்கொத்துக்கும் சீப்புக்கும் நடுவே போட்டு வைத்திருந்தாள். ஒருநாள் எடுத்துக் காட்டச் சொன்னபோது, தேடியெடுத்து மூடியின் பூட்டைத் திருப்புவதற்குள் அரை நிமிடம் ஓடிவிட்டது. நடக்கும்போது அது உங்கள் கையிலேயே இருக்கட்டும். பார்க்காமலேயே கட்டைவிரலால் பூட்டைத் திறக்கப் பழகுங்கள். பெயரில்தான் மிளகு, உள்ளே இருப்பது மிளகாயின் காரம். எதிர்காற்றில் அடித்தால் அது உங்கள் கண்ணுக்கே திரும்பும் என்பதால், இயன்றவரை காற்றுக்கு முதுகைக் காட்டி அடித்துவிட்டு, நின்று பார்க்காமல் வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்கு ஓடி 112ஐ அழையுங்கள். குப்பியில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியையும் இன்றே பாருங்கள். நாள்பட்ட குப்பியில் அழுத்தம் குறைந்துவிடும்.