எடிட்டரைத் திறந்தால் ‘பெர்மிஷன் டினைடு’: கேள்வி பதில்

லினக்ஸ் டெர்மினலில் நானோ, விம், ஜிஎடிட் போன்ற எடிட்டர்களை (கோப்பைத் திருத்தும் நிரல்கள்) திறக்கும்போது வரும் அனுமதிச் சிக்கல்கள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கட்டளைகளைத் தமிழில் ஒலித்தபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, என் பழைய லேப்டாப்பில் உபுண்டு 18.04 இருக்கிறது. நானோ திறந்தாலே, ஹோமில் (என் சொந்த ஃபோல்டரில்) இருக்கும் ‘.லோக்கல்’ ஃபோல்டருக்குள் ஏதோ உருவாக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைடு என்று வருகிறது. என்டர் தட்டினால் திறந்துவிடுகிறது. ஆனால் தினமும் இதே கதை.

பதில்: என்டர் தட்டிக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டாம் தம்பி, இது இரண்டு நிமிட வேலை. என்றைக்கோ ஒருநாள் சூடோ போட்டு நானோ திறந்திருப்பீர்கள். (சூடோ என்பது ஒரு கட்டளையை ரூட் பெயரில் ஓட்டுவது; ரூட் என்பது சிஸ்டத்தின் முழு அதிகாரம் உள்ள நிர்வாகி.) உபுண்டுவில் 19.10க்கு முந்தைய பதிப்புகளில், சூடோ போட்டாலும் ஹோம் என்பது உங்கள் ஹோமாகவே இருக்கும். அதனால் ரூட்டாக ஓடிய நானோ, தேடல் வரலாற்றை வைக்க உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு அறை கட்டி, அதை ரூட் பெயரில் எழுதிவிட்டது. இப்போது நீங்கள் சாதாரணமாகத் திறந்தால் உள்ளே போக வழியில்லை.

முதலில் கண்ணால் பாருங்கள். ஹோமில் நின்றுகொண்டு ‘எல்எஸ் -எல்டி .லோக்கல்’ என்று தட்டுங்கள். வரும் வரியின் தொடக்கத்தில் டி என்ற எழுத்து, அடுத்து ஆர், டபிள்யூ, எக்ஸ், அப்புறம் வெறும் கோடுகளாக ஆறு. கொஞ்சம் தள்ளி உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரூட் ரூட்’ என்று இருக்கும். உரிமையாளருக்கு எல்லாம் உண்டு, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று பொருள். அந்த உரிமையாளர் நீங்கள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

தீர்வு: ‘சூடோ சிஎச்ஓன் -ஆர்’, அடுத்து உங்கள் யூசர் பெயர், அடுத்து ‘.லோக்கல்’. சிஎச்ஓன் (சி, எச், ஓ, டபிள்யூ, என்) என்பது உரிமையாளரை மாற்றும் கட்டளை. இங்கே ஆர் பெரிய எழுத்து, உள்ளே இருப்பதையும் சேர்த்து மாற்று என்று பொருள். ஹோமில் நின்றுகொண்டு தட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுப் பாதையைத் தட்டும்போது முதல் ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், மொத்த சிஸ்டத்தின் உரிமையும் மாறத் தொடங்கிவிடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி விழுந்த ஒரே ஒரு ஸ்பேஸால் சூடோவே செத்துப்போய், கடைசியில் லைவ் யுஎஸ்பி (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவினோம். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

விம் வைத்திருப்பவர்களுக்கு இதே நோய் ‘இ137’ என்ற எண்ணோடு வரும். அங்கே ரூட் பெயரில் மாட்டியிருப்பது ‘.விம்இன்ஃபோ’ கோப்பு. மருந்து ஒன்றுதான், ஒற்றைக் கோப்பு என்பதால் -ஆர் தேவையில்லை.

கேள்வி: சிஸ்டம் செட்டிங்ஸ் இருக்கும் ஈடிசி ஃபோல்டரில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பை நானோவில் அரை மணி நேரம் திருத்தினேன். சேமிக்கும்போது பெர்மிஷன் டினைடு. உழைத்ததெல்லாம் போச்சா சார்?

பதில்: போகவில்லை, எடிட்டரை மட்டும் மூடிவிடாதீர்கள். (சார் அல்ல, அக்கா.) கண்ட்ரோல் ஓ அழுத்தி, பெயர் கேட்கும் இடத்தில் உங்கள் ஹோமில் வேறொரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு வெளியே வந்து ‘சூடோ சிபி’ போட்டு அதைப் பழைய கோப்பின் மேல் நகலெடுங்கள். கோப்பு ஏற்கெனவே இருப்பதால் அதன் உரிமையாளரும் அனுமதியும் மாறாது.

அடுத்த முறை ‘சூடோஎடிட்’ என்று தட்டி, கோப்பின் பாதையைக் கொடுங்கள். இந்தக் கட்டளையைப் பலர் தெரிந்துகொள்ளாமலே இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இது கோப்பைத் தற்காலிகமாக நகலெடுத்து, உங்கள் எடிட்டரை உங்கள் பெயரிலேயே, உங்கள் செட்டிங்ஸோடு திறக்கும். சேமித்து மூடியதும் திருத்தத்தை உரிய இடத்தில் எழுதிவிடும். எடிட்டர் ரூட்டாக ஓடாததால் முதல் கேள்வியில் பார்த்த தொல்லையும் வராது.

கேள்வி: எதற்கு இவ்வளவு சுற்று? ‘சிஎச்மோட் 777’ போட்டால் எல்லாம் திறக்கும் என்று நண்பன் சொல்கிறான்.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மெஷினில் இருக்கும் யார் வேண்டுமானாலும், எந்த நிரல் வேண்டுமானாலும் அந்தக் கோப்பை மாற்றலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் 777. சில நிரல்கள் அதைப் பார்த்ததுமே வேலை செய்ய மறுத்துவிடும். வேறொரு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் ரகசியச் சாவிக்கு 777 கொடுத்தால், எஸ்எஸ்எச் அந்தச் சாவியை எடுத்துக்கொள்ளாது. யார் சூடோ போடலாம் என்று எழுதியிருக்கும் சூடோயர்ஸ் கோப்புக்குக் கொடுத்தால் சூடோவே நின்றுவிடும். சாதாரணக் கோப்புக்கு 644 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்), ஃபோல்டருக்கு 755 (உரிமையாளர் மாற்றலாம், மற்றவர்கள் உள்ளே போய்ப் பார்க்க மட்டும்), சாவிக்கு 600 (உரிமையாளருக்கு மட்டும்) போதும்.

கேள்வி: ‘சூடோ ஜிஎடிட்’ என்றால் டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்கிறது. இதுவும் அனுமதிச் சிக்கலா?

பதில்: ஆம், ஆனால் கோப்பின் அனுமதி அல்ல, திரையின் அனுமதி. வேலண்டில் (திரையில் விண்டோக்களைக் காட்டும் அமைப்பு) ஓடும் டெஸ்க்டாப்பில், ரூட் பெயரில் வரும் விண்டோவுக்கு இடம் கிடைக்காமல் போகலாம். சூடோ போடாமல், ஜிஎடிட்டுக்குக் கொடுக்கும் பாதைக்கு முன்னால் ‘அட்மின்’, ஒரு கோலன், இரண்டு ஸ்லாஷ் சேருங்கள். பாதையின் ஸ்லாஷோடு சேர்த்து மொத்தம் மூன்று வரும். பாஸ்வேர்டு கேட்டுவிட்டுத் திறக்கும்.

கேள்வி: பென் டிரைவில் இருப்பது என் கோப்பு, உரிமையாளரும் நான்தான். நானோவில் திறக்கிறது, ஸ்னாப் (நிரல்களை நிறுவும் ஒரு முறை) வழியாகப் போட்ட எடிட்டரில் மட்டும் திறக்கவில்லை.

பதில்: ஸ்னாப் அந்த எடிட்டரைக் கூண்டுக்குள் வைத்திருக்கிறது, பென் டிரைவ் அந்தக் கூண்டுக்கு வெளியே இருக்கிறது. ‘சூடோ ஸ்னாப் கனெக்ட்’ போட்டு, எடிட்டரின் பெயர், ஒரு கோலன், ‘ரிமூவபிள்-மீடியா’ என்று இடைவெளி விடாமல் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: அக்கா, அலுவலக சர்வரில் ஒரு கோப்பு. சூடோ போட்டும் எழுத முடியவில்லை, ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வருகிறது. ரூட்டுக்கே அனுமதி இல்லையா?

பதில்: ‘எல்எஸ்அட்டர்’ போட்டு அந்தக் கோப்பைப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவில் ஐ என்ற எழுத்து தெரிந்தால், மாற்றவே கூடாது என்று பூட்டியிருக்கிறார்கள். ‘சூடோ சிஎச்அட்டர் -ஐ’ போட்டால் பூட்டு திறக்கும். ஆனால் அது தானாக வந்து விழுகிற எழுத்து அல்ல, பெரும்பாலும் யாரோ வேண்டுமென்றே போட்டது. பூட்டியவர் யார் என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு திறங்கள். திருத்தி முடித்ததும் +ஐ போட்டு மறுபடி பூட்டிவிடுங்கள்.