சிங்கப்பூரில் மாதம் 150 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) சமைத்துச் சத்தாகச் சாப்பிட முடியுமா?

முடியும். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், வாடகை அறையில் தனியாக இருக்கிறீர்கள், சாப்பாட்டுக்கு 150 வெள்ளிதான் ஒதுக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது ஒரு நாளைக்கு 5 வெள்ளி. லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து ஒரு வேளை சைவச் சாப்பாடு சாப்பிட்டாலே அது தீர்ந்துவிடும். சமைத்தால் மூன்று வேளைக்கும் வரும். ஆனால் ஊரில் சமைத்த அதே சமையலை இங்கேயும் சமைப்பேன் என்றால் வராது.

புதிதாக வருகிறவர்கள் நேராக லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போய் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், அவரைக்காய், கொத்தவரங்காய் என்று பையை நிரப்புவார்கள். ஆசை புரிகிறது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் கடல் தாண்டி வருகிற காய், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். காசு அங்கேயே கரைந்துவிட்டால் மிச்ச நாளெல்லாம் தட்டு நிறையச் சோறு, மேலே தண்ணிச் சாம்பார், ஓரத்தில் அப்பளம். வயிறு நிறைந்துவிடும், உடம்பில் ஒன்றும் சேராது. இந்த ஊரில் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் சர்க்கரை நோய் அதிகம். 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போர் என்றே அறிவித்தது. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அளவு இது: தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு மாதிரியானவை. 5 வெள்ளியில் அந்தத் தட்டைக் கொண்டுவர வேண்டும் என்றால் அக்கம்பக்கத்துச் சீனரும் மலாய்க்காரரும் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து அதை வாங்குங்கள்.

காங்கோங் (வள்ளைக்கீரை), பாயாம், சாய் சிம் (ஒரு சீனக் கீரை), தவ்கே (முளைகட்டிய பயறு), தவ்குவா (கெட்டியான டோஃபு, அதாவது சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி). பாயாம் வேறொன்றுமில்லை, நம் முளைக்கீரை வகைதான். இந்தக் கீரைகள் பக்கத்து மலேசியாவிலிருந்தும் உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்தும் வருவதால் பெரும்பாலும் ஒரு பாக்கெட் 1 வெள்ளியை ஒட்டியே கிடைக்கும். தவ்குவாவும் ஏறக்குறைய அதே விலைதான். புரதத்துக்கு இதைவிட மலிவாக இங்கே கிடைப்பது முட்டையும் பருப்பும்தான்.

தவ்குவாவைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதை வேகவைத்த மாதிரி வெள்ளையாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்களாக இருப்பார்கள். நம் பக்குவத்தில் செய்து பாருங்கள். துண்டுபோட்டு, ஒரு துணியில் வைத்து அழுத்தித் தண்ணீரை எடுத்துவிடுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு பிரட்டிப் பத்து நிமிடம் விட்டு, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஓரம் முறுகும்வரை திருப்பிப் போடுங்கள். மீன் வறுவல் போடுகிற அதே கைதான். அதே கல்லில் கடுகு, பூண்டு தாளித்து ஒரு கைப்பிடி தவ்கேயைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரு வேளைக்கான பொரியல் ஆகிவிடும். தவ்கேயை அதற்குமேல் விட்டால் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும்.

காங்கோங்கின் தண்டைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே குழலாக இருக்கும், மண் நிற்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் ஒரு வேளை. இலையைப் பூண்டு, காய்ந்த மிளகாயோடு வதக்கினால் இன்னொரு வேளை. கீரை சாப்பிடுகிற நாளில் எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அது இரும்புச்சத்தைத் தடுக்கும்.

வாடகை அறைகளில் நிறைய வீட்டுக்காரர்கள் லேசான சமையலுக்கு மட்டும்தான் சம்மதிப்பார்கள். அது ஒரு தடையே இல்லை. துவரம்பருப்பை விட்டுவிட்டு மைசூர்ப் பருப்புக்கு மாறுங்கள். பிரஷர் குக்கர் வேண்டாம், சாதாரணச் சோற்றுக் குக்கரிலேயே அரைமணிக்குள் குழைந்துவிடும். சோறு வேகும்போதே மேல்தட்டில் முட்டையும் நறுக்கிய கேரட்டும் ஆவியில் வெந்துவிடும். மணம் வருகிற மீனை மட்டும் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மீன் என்றால் கானாங்கெளுத்தி. சால்மனில் இருக்கிற நல்ல கொழுப்பு இதிலும் உண்டு, விலை அதைவிட மிகவும் குறைவு. மீனும் காய்கறியும் விற்கிற ஈரச்சந்தைக்கு விடியற்காலையில் ஓட வேண்டாம். பத்து, பத்தரைக்கு மேல் கடைக்காரர்கள் கட்டிவைக்கத் தொடங்கும் நேரத்தில் போனால் தக்காளி, கத்தரிக்காய், பழம் எல்லாம் தட்டுத்தட்டாக விலை குறைத்து வைத்திருப்பார்கள். "அங்கிள், இதையும் சேர்த்துப் போடுங்க" என்று கேட்டால் கறிவேப்பிலை சும்மாவே கிடைக்கும். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும்.

தயிரைக் கடையில் வாங்காதீர்கள். இந்த ஊர்ச் சூட்டுக்குக் காலையில் உறை ஊற்றினால் சாயங்காலத்துக்குள் தயாராகிவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். கோப்பிக்கடையில் உட்கார வேண்டி வந்தால் கோப்பி ஓ கோசோங் கேளுங்கள். பாலும் சீனியும் இல்லை, விலையும் குறைவு.

முதல் மாதத்தில் ஒன்று நடக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 5 கிலோ அரிசி, மைசூர்ப் பருப்பு ஒரு கிலோ, பாசிப்பயறு ஒரு கிலோ, 30 முட்டை, எண்ணெய், மசாலாத்தூள் என்று முதல் வாரத்திலேயே 40, 45 வெள்ளி போய்விடும். முட்டையைத் தவிர மற்றதெல்லாம் மாதக் கடைசிவரை வரும். மிச்சம் 100 வெள்ளிக்கு மேல் இருக்கிறதல்லவா, அதை வாரத்துக்கு 25 என்று பிரித்துக் கீரை, தவ்குவா, மீன், பால், வாழைப்பழம், தீர்ந்துபோகிற முட்டை இவற்றுக்கு மட்டும் வையுங்கள். அந்த 25இல் முதலில் தவ்குவாவும் மீனும், அப்புறம் கீரை. முருங்கைக்காய் வாங்கியே ஆக வேண்டும் என்றால், எல்லாம் வாங்கி முடித்தபிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ அதில் வாங்குங்கள்.